மண்தளியும் கற்றளியும்

வெண்ணாறு நீடாமங்கலத்தருகே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாய்ப் பிரிகின்றது. அங்கு நின்று எத்திசை நோக்கினும் மலை தென்படாது. எவ்விடம் அகழ்ந்தாலும் வண்டலே கிட்டும். தமிழர் கோயிற்கலை இத்தகைய கல்லற்ற நாட்டில்தான் வானளாவ எழுந்தது. ஆதலின், அதன் வரலாற்றைக் கல்லிலிருந்து தொடங்குவோர் பாதிக் கதையையே சொல்லுகின்றனர்.

கல்லுக்கு முன்னர் மண்ணும் மரமும் இருந்தன. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டில் குன்றைக் குடைவித்த மகேந்திரவர்மப் பல்லவன், செங்கல், மரம், மாழை, சுண்ணம் ஆகியன இன்றிக் கோயில் அமைத்ததாகக் கல்வெட்டிலேயே பெருமை பேசினான். அவற்றால் கட்டுவதே அதுவரை வழக்கு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தமிழில் கோயிலுக்குத் தளி என்று பெயர். கல்லால் எழுப்பிய பின்னரே கற்றளி என்னும் அடைமொழி வேண்டியதாயிற்று. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டு, இராசராசப் பெருந்தச்சன் என ஒருவனைப் பெயர் சொல்லிப் போற்றுகின்றது. இருநூறடிக்கு மேல் கல்லை அடுக்கிய காலத்திலும் கட்டடத் தலைவன் தச்சனாகவே விளங்கினான்.

கோயிற் சுவரின்மேல் வளைந்து இறங்கும் கொடுங்கையைப் பார்த்தவர்க்கு அது கூரைவீட்டின் இறவாணம் என்பது விளங்கும். அக்கொடுங்கையின் முகத்தில் வரிசையாக அமைந்த கூடுகள், வளைத்த மரத்தாலும் மூங்கிலாலும் கட்டிய கூரை முகப்பின் கல்லுருவங்கள். இதே கூடு, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பீகாரின் பராபர் மலையில் குடைந்த குகை வாயிலிலும், மராட்டிய நாட்டுக் கார்லேப் புத்தக் குகையிலும் உண்டு. மாமல்லபுரத்தில் திரௌபதி தேர் எனப்படுவது வேய்ந்த குடிசையின் அச்சு. சகாதேவன் தேரோ தூங்கானை மாடம், புத்தர்தம் வழிபாட்டு மண்டபங்களிலும் காணும் வடிவம். இவையனைத்தும் வடக்கிலிருந்து வந்த கொடை என்று எழுதுவோர் இன்றும் உளர். மூங்கிலும் வைக்கோலும் இருந்த நாட்டில் குடிசை கட்டக் கற்றுக்கொடுக்க வெளியாள் வரவேண்டுமா என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

நீடாமங்கலத்துக்கு வடகிழக்கே குடவாசலிலும், வடக்கே திருநறையூரிலும் உயர்ந்த மேடைமீது நிற்பவை மாடக்கோயில்கள். முன்னது சிவனுக்கு, பின்னது திருமாலுக்கு. இரண்டையும் கோச்செங்கட் சோழன் பெயரோடு இணைத்தே மக்கள் பேசுவர். யானை ஏறாதிருக்க உயர்த்தினான் என்பது பழங்கதை. காவிரி வெள்ளம் ஏறாதிருக்கவே உயர்த்தினான் என்று கருதவும் இடமுண்டு. புகாரில் பல்லவனீச்சுரத்தருகே அகழ்ந்து கண்ட புத்தப் பள்ளியும் செங்கற் கட்டடமே. சமயங்கள் பூசலிட்டன, கொத்தர்கள் ஒரே சூளையின் கல்லை அடுக்கினர்.

திருவாரூர் வழியே கிழக்கே சென்றால் நாகப்பட்டினம். கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் தொடங்கி அவன் மகன் முடித்த புத்தப் பள்ளி அங்கிருந்தது. சிவநெறி போற்றிய முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு ஈந்தான். இலெய்டன் நகரின் பெயரால் வழங்கும் செப்பேடுகள் அதை உரைக்கின்றன. அந்நகரில் நின்ற மூன்று நிலைச் செங்கற் கோபுரமொன்று 1867 வரை கப்பலோட்டிகளுக்கு வழிகாட்டியது. அவ்வாண்டு ஆங்கில அரசின் இசைவுடன் யேசு அவைத் துறவியர் அதை இடித்தனர். ஊரில் புத்தர் எவரும் இல்லாமையால் அதற்கு உரியவரும் எவரும் இல்லாது போயினர். தமிழன் கட்டியது என்று உரிமை பேசவும் ஒருவரும் முன்வரவில்லை.

வெள்ளையன் காலம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிகாவில் அவ்வாறு செய்தபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசமாதேவிக்கு இருந்த அக்கறை இருபதாம், இருபத்தோராம் நூற்றாண்டுகளின் திருப்பணிக் குழுக்களிடம் அருகிப் போயிற்று. பல கோயில்களில் மணலைப் பீய்ச்சியடித்துச் சுவர் துலக்கியதில் எழுத்துகள் மழுங்கின. கோபுர மேனிலைகள் இன்றும் செங்கல்லும் சுதையுமே. அவற்றின்மீது சிமெந்தைப் பூசி, கண்கூசும் வண்ணத்தையும் அப்புகின்றனர். ‘கும்பாபிசேகம்’ என அச்சிட்ட சுவரொட்டியில் குடமுழுக்கு என்னும் சொல்லும் மறைகின்றது.

2021 சூனில் சென்னை உயர்நீதிமன்றம் பழங்கோயில்களையும் கல்வெட்டுகளையும் காக்க 75 கட்டளைகள் இட்டது. அவை ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க ஊர்மக்களே விழித்திருத்தல் வேண்டும். காவிரிப் படுகையின் எந்த ஊரில் திருப்பணிக்குச் சாரம் கட்டினாலும், அதற்கு முன்னரே சுவரெழுத்து முழுவதும் படியெடுக்கப்பட்டதா, பழைய சுண்ணச் சாந்துக்கு ஈடாகச் சுண்ணமே அரைக்கப்படுகின்றதா, வயல்வெளியில் கிடக்கும் புத்தர் சிலைக்கும் காப்பு உண்டா என மூன்று கேள்விகளை அவ்வூர்த் தமிழர் எழுப்புக. விடை எழுத்தில் கிடைக்குமட்டும் ஒரு செங்கல்லையும் பெயர்க்க விடற்க.