சருகை மறந்த அட்டவணை

காஷ்மீரிலும் இமாச்சலிலும் ஆப்பிளைப் பிடிக்கும் சொறி நோய்க்குப் பத்து நாளைக்கு ஒருமுறை மருந்தடிப்பதைத் தவிர வழியே இல்லை, மற்றதெல்லாம் இயற்கைப் பித்தர்களின் பிதற்றல் என்று சென்ற இதழில் ஒருவர் தீர்ப்பெழுதியிருந்தார். கட்டுரை நிறைய மருந்துப் பெயர்கள். 'சருகு' என்ற சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தேன், ஓரிடத்திலும் இல்லை. திருடன் குடியிருக்கும் வீட்டை விட்டுவிட்டுத் தெருவெல்லாம் காவல் போடச் சொல்கிறார்!

சொறியை உண்டாக்கும் வெஞ்சூரியா என்ற பூஞ்சை பனிக்காலம் முழுவதையும் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலையில்தான் கழிக்கிறது. வசந்த மழையில் சருகு நனைந்ததும் வித்துகள் கிளம்பித் துளிர்மேல் ஏறுகின்றன. இலை உதிரும் சமயத்தில் 5 சதவீத யூரியாக் கரைசல் தெளித்தால் சருகு விரைவில் மட்கிவிடும். மிச்சத்தை மண்புழு இழுத்துக்கொண்டு போகும். வசந்தத்தில் கிளம்பும் வித்துகள் வெகுவாகக் குறையும். யூரியாவைக் கையிலெடுப்பவனை இயற்கைப் பித்தன் என்பது என்ன கணக்கோ!

1983-இல் இமாச்சல் அரசு சொறி பிடித்த பழங்களை விலைகொடுத்து வாங்கி அழித்ததைத் தமக்குச் சாட்சியாக அழைக்கிறார். அந்தச் சாட்சி அவருக்கு எதிராகத்தான் பேசும். மலைச்சரிவெங்கும் நோய்க்கு எளிதில் இரையாகும் டெலிஷியஸ் வகைகளையே நட்டு வைத்தால், ஈரமான ஒரு வசந்தம் போதாதா?

எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களையும் பூஞ்சை வென்றுவிட்டது என்கிறார். உண்மைதான், ஐரோப்பாவில் அது நடந்தது. ஆனால் டோடின் என்ற மருந்துக்கு நியூயார்க் தோட்டங்களில் 1969-இலேயே பூஞ்சை பழகிவிட்டதே, பிறகு பெனோமிலுக்கும் பழகியதே, அதை ஏன் விழுங்கினார்? ரகம் தோற்றால் ரகத்தைக் கைவிட வேண்டுமாம், மருந்து தோற்றால் இன்னொரு மருந்து வாங்க வேண்டுமாம். கடைக்காரர் பேச வேண்டியதை இவர் பேசுகிறார்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்போது அடிப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு மில்ஸ் என்பவர் 1944-இலேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்: 16 முதல் 24 டிகிரி வெப்பத்தில் இலை தொடர்ந்து சுமார் 9 மணி நேரம் ஈரமாக இருந்தால் நோய் தொற்றும், 6 டிகிரிக் குளிரில் ஏறத்தாழ ஒரு முழு நாள் ஈரம் வேண்டும். வறண்ட வாரத்தில் அடிக்கும் மருந்து பணத்துக்குத்தான் கேடு. நம்மவர் போட்டுத் தந்த அட்டவணையில் தேதி இருக்கிறது, அளவு இருக்கிறது, மருந்தின் விலைகூட இருக்கிறது. மழைக்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை.