முன் அறையை வாடகைக்கு விடும்போது



திருநெல்வேலியில் ஓர் அக்கா இருக்கிறார். சீதனமாகக் கிடைத்த வீடு. முன்பக்கத்தில் தனி வாசலுடன் ஓர் அறையும் சிறிய விறாந்தையும் உண்டு. 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் கணவர் காணாமற் போனார். அன்றிலிருந்து அந்த அறை பூட்டியே கிடந்தது. உள்ளே அவருடைய சைக்கிள், இரண்டு சேட்டு, கணக்குக் கொப்பிகள்.

மகள் உயர்தரம் படிக்கத் தொடங்கியதும் ரியூசன் காசுக்கு வழியில்லாமற் போயிற்று. பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் அறை தேடி ஆட்கள் வந்து போனார்கள். "விட்டிட்டன் எண்டால் அவர் இனி வரமாட்டார் எண்டு நானே சொன்ன மாதிரி ஆகிடும், தங்கச்சி" என்றார் அக்கா. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பல நாட்களுக்குப் பிறகு அவரே கணவரின் பொருட்களைத் தன் படுக்கையறைக்கு மாற்றினார்.

முதலில் வந்தது ஒரு குடும்பம். ஊரில் தெரிந்தவர்கள். "தெரிந்த ஆட்கள்தானே அக்கா, விடுங்கோ" என்று சொன்னது நான்தான். எழுத்தில் ஒன்றுமில்லை. இரண்டு மாதம் வாடகை வந்தது, பிறகு நின்றுவிட்டது. கேட்கப் போனால், "ஆம்பிளை இல்லாத வீட்டில என்ன சத்தம்?" என்ற பேச்சு. அக்கா பூட்டை மாற்றவும் கிணற்றுத் தண்ணீரை நிறுத்தவும் யோசித்தார். நல்ல வேளை, செய்யவில்லை. குடியிருப்பவரை நாமாகப் பலவந்தமாக வெளியேற்றினால் வழக்கு நம்மேல் திரும்பும்.

மத்தியஸ்த சபைக்கு முறையிட்டோம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, நமது கதையை நாமே சொல்லலாம். அவர்கள் எழும்பிப் போக ஒரு மாதத் தவணை என்று இணக்கம் வந்தது, அதன்படி போனார்கள். வாடகைப் பாக்கி முழுவதும் கிடைக்கவில்லை. என் பிழையால் அவர் பட்ட பாட்டை நீங்களும் படக்கூடாது என்பதற்காகவே இம்மாதம் இதை எழுதுகிறேன்.

முதலாவது, எழுத்து. மாதத்துக்கு மாதம் என்று விடுவதானாலும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். வாடகை எவ்வளவு, எந்தத் திகதியில் தர வேண்டும், முற்பணம் எவ்வளவு, எழும்புவதாயின் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். வருபவரின் அடையாள அட்டைப் பிரதியையும் ஊர் முகவரியையும் வாங்குங்கள். காசு வாங்கும் ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். மின்மானி வாசிப்பை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் குத்தகையாக விடுவதாயின், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அது நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதியிருந்தால், தவணை முடிந்தும் போகாதவர்களிடமிருந்து இடத்தை நீதிமன்றத்தின் மூலம் விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது.

இங்கேதான் நம்மிற் பலருக்கு ஒரு முட்டுக்கட்டை. தேசவழமைக்குட்பட்ட பெண், திருமணத்தின் பின் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கையாள முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமை பற்றிய கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. "கணவர் எங்கே?" என்று நொத்தாரிசு கேட்டதும் அக்கா பேசாமல் எழும்பி வந்துவிட்டார். ஆனால் கணவர் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது அவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்திற் கேட்டு அந்தச் சம்மதம் இல்லாமலே செய்யும் அனுமதியைப் பெற அதே சட்டத்தில் இடமுண்டு. இதற்காக மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் மனமுடைந்து போகாதீர்கள். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின் பின், ஒருவர் காணாமற் போயுள்ளார் என்று மட்டும் காட்டும் சான்றிதழையும் பெறலாம். அதை எடுப்பது அவர் இறந்துவிட்டார் என்று நாம் ஒப்புக்கொள்வது ஆகாது. வழக்குப் பேசப் பணமில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம்.

கிழக்கிலுள்ள தமிழ்ச் சகோதரிகளுக்குப் பொதுச் சட்டமே பொருந்துவதால் கணவரின் சம்மதம் என்ற இந்த நிபந்தனை இல்லை. அரச அனுமதிப்பத்திரக் காணியில் வீடு உள்ளவர்கள் எங்கிருந்தாலும், முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அனுமதியின்றிக் குத்தகைக்குக் கொடுத்தால் அனுமதிப்பத்திரமே போய்விடக்கூடும்.

இரண்டாவது, பாதுகாப்பு. வாடகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. மாணவிகள், ஆசிரியைகள், தாதியர் என்று பார்த்து விடுங்கள். இரு பக்கத்துக்கும் இடையிலுள்ள கதவுக்கு உங்கள் பக்கத்திற் கொண்டி போடுங்கள். கிணறு, மலசலகூடம், குசினி எல்லாம் பொதுவா தனியா, விருந்தினர் எத்தனை மணி வரை வரலாம் என்பதை முதல் நாளே கதைத்துவிடுங்கள். பிறகு சொன்னாற் சண்டை வரும். முதல் நாள் சொன்னால் அது வீட்டுப் பழக்கமாகிவிடும்.

ஊர் ஏதாவது கதைக்கத்தான் செய்யும். பசித்த நாளில் அந்த ஊர் வந்து உலை வைத்ததா என்று அக்கா கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

இப்போது அந்த அறையில் இரண்டு பல்கலைக்கழக மாணவிகள் இருக்கிறார்கள். மாதத்துக்கு மாதம் என்று எழுதிய தாள் அலுமாரியில் இருக்கிறது. பின்னேரங்களில் மகளுக்குக் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். படுக்கையறைச் சுவரிற் சாத்தியிருந்த சைக்கிளுக்குப் புது ரயர் போட்டு, மகள் அதிலேதான் ரியூசனுக்குப் போய்வருகிறாள். சேட்டுகள் அக்காவின் அலுமாரியில் மடித்தபடி இருக்கின்றன.

"அவர் வந்தால் கேட்பார்தானே, என்னுடைய அறையை ஏன் விட்டனீ எண்டு" என்று அக்காவிடம் சொன்னேன். "பிள்ளையைப் படிப்பிக்க எண்டு சொல்லுவன்" என்றார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.