முதுமையின் பாரம் யார் தலையில்?

முன்னாளில் பென்ஷனுக்கு நம்மவர் இட்டு வழங்கிய பெயர் உபகாரச் சம்பளம் என்பது. எஜமானன் மனமிரங்கிக் கொடுப்பது என்ற தொனி அப்பெயரிலேயே இருந்தது. 1982 டிசம்பர் 17 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் அமர்ந்த உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, நகாரா வழக்கில், பென்ஷன் என்பது தயவால் கிடைக்கும் கொடையன்று, செய்து முடித்த சேவைக்குச் சேர வேண்டிய உரிமையே என்று தீர்ப்பளித்து அந்தத் தொனியைத் துடைத்தது. ஆனால் இருபது ஆண்டுகள் சென்றதும், 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசும் 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசும், புதிதாய்ச் சேர்ந்தோருக்கு அவ்வுரிமையை நிறுத்தி, ஊழியரின் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு அதே அளவு தொகையைத் தாமும் சேர்க்கும் பங்களிப்பு முறையைக் கொண்டுவந்தன.

பழைய முறையில் சர்க்கார் வாக்களித்தது முதுமையில் கைக்கு வந்து சேரும் தொகையை. புதிய முறையில் வாக்களித்ததோ உண்டியலில் போடும் தொகையை மட்டுமே.

இந்த வித்தியாசம் எத்தகையது என்பதை மளிகைக் கடை வாசலில் காணலாம். பழைய முறையில் ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு, துவரம் பருப்பின் விலை ஏறும்போது, ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கிடப்படும் அகவிலைப்படியும் கூடவே ஏறுகிறது. அதே நாற்காலியில் பின்னர் அமர்ந்து மத்திய அரசின் புதிய முறையில் ஓய்வு பெற்றவரோ, சேர்ந்த தொகையில் அறுபது சதவீதம் வரை கையில் வாங்கி வீட்டுக் கடனையும் மகளின் கல்யாணக் கடனையும் அடைத்துவிட்டு, குறைந்தது நாற்பது சதவீதத்தை ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் ஒப்படைத்து, அன்றைய வட்டி விகிதம் எதுவோ அதற்கேற்ற மாதத் தொகையைப் பெறுகிறார். பொதுவாக அத்தொகை, எண்பதாம் வயதில் மருந்துச் சீட்டு நீண்டுகொண்டே போனாலும், முதல் மாதம் வந்த அதே தொகைதான். 2019-இல் மத்திய அரசு தன் பங்கைப் பதினான்கு சதவீதமாக உயர்த்திற்று. அது வரவேற்கத்தக்கதே எனினும், சேர்ந்தது போதாமற் போனால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அதனால் விடை கிடைத்துவிடவில்லை.

நிதி அமைச்சர்களின் கவலை பொய்யானதென்று நாம் சொல்லவில்லை. நிதியென்று ஒன்றைச் சேர்த்து வைக்காமல், அந்தந்த ஆண்டின் வரி வருவாயிலிருந்தே பென்ஷன் கொடுத்து வந்தது பழைய முறையின் மெய்யான குறை. ஊழியர் தம் பங்கைச் செலுத்துவதிலும் அநீதி ஏதுமில்லை. ஆனால் தாம் எத்தனை வயது வரை வாழ்வோம், அதற்குள் விலைவாசி எங்கே போய் நிற்கும் என்பதைத் தனியொருவர் கணித்துச் சேமிக்க இயலாது. லட்சக்கணக்கானோரை வேலைக்கு வைத்திருக்கும் சர்க்காருக்கோ சராசரி தெரியும், வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. தாங்கக்கூடிய தோளிருக்க, தாங்க முடியாத தோளில் பாரத்தை ஏற்றியதே நாம் கண்டிக்கும் பிழை.

2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதியை விலைவாசி நிவாரணத்தோடு உறுதி செய்வதன் மூலம் இப்பிழையை ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டது. ஆயினும் முழுத் தொகைக்கு இருபத்தைந்து ஆண்டுச் சேவை வேண்டும் என்ற நிபந்தனை, வயது வரம்புச் சலுகையால் நாற்பதை நெருங்கி உத்தியோகத்தில் சேர்வோரைக் குறைந்த தொகைக்குத் தள்ளுகிறது. அதை இருபதாகக் குறைப்பதே நியாயம்.

சர்க்கார் உத்தியோகம் வாய்க்காத மில் தொழிலாளியின் நிலையோ இதனினும் பரிதாபமானது. அவருக்கும் 1995-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி மாத ஓய்வூதியம் உண்டு. அதற்கு அகவிலைப்படி கிடையாது. 2014-இல் மாதம் ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை, பத்தாண்டு கடந்தும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. தன் ஊழியர்களுக்கு விலைவாசி நிவாரணத்தை ஒப்புக்கொண்ட மத்திய அரசு, அந்த ஆயிரத்தை உயர்த்தி, அதற்கும் அதே நிவாரணத்தை அளிக்கும் உத்தரவை இனியும் தாமதிக்கலாகாது.