துண்டு வெட்டுமுன் பழகிக்கொள்ளுங்கள்

ஜிந்துப்பிட்டி அயலவர்களே,

பாரிசவாதம் வந்தவருக்கு ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிய அன்றே, அதுவரை தாதிமார் பார்த்த வேலை முழுவதும் ஒரு மகளின் தலையிலோ மருமகளின் தலையிலோ வந்து விழுகிறது. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் நடந்தது. அதனால் கேட்கிறோம்: நோயாளி வாட்டில் இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள். கட்டிலிலிருந்து கதிரைக்கு எப்படி மாற்றுவது, சாப்பாடு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று தாதியிடமும் இயன்மருத்துவரிடமும் கேட்டு, அவர்கள் முன்னாலேயே ஒருமுறை செய்து பாருங்கள். சிங்களத்தில் சொன்னது பாதிதான் விளங்கியதென்றால் தமிழில் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழி. கேட்கக் கூச்சம் வேண்டாம்.

எங்களுக்கு மிகவும் பயம் சாப்பாட்டு விடயத்தில்தான். பாரிசவாதத்தில் விழுங்கும் தசைகளும் தளரலாம். படுத்திருப்பவருக்கு ஆசையோடு ஊட்டும் கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகிவிடலாம். விழுங்க முடியுமா என்று சோதித்துச் சொல்லும்வரை தண்ணீர்கூட வாயில் விடாதீர்கள். பிறகும் நிமிர்த்தி இருத்தி, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பின்பே அடுத்தது. சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் படுக்கவிட வேண்டாம். இருமினால், குரல் மாறினால் உடனே நிறுத்துங்கள்.

சோர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு விலகலாம். சட்டையை அந்தக் கைக்கு முதலில் போட்டு, கடைசியில் கழற்றுங்கள். எழும்ப முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். பேச்சு வராதவருக்கு விளங்காது என்று எண்ணி, அவர் காதுபட மனம் நோகப் பேசுகிறோமே, அது பெரும் கொடுமை. தலையசைத்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்டுப் பொறுத்திருங்கள்.

வீட்டாரே எல்லாம் செய்துவிட முடியாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பாரிசவாத நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. குடும்பத்தாரைப் பழக்கி வீட்டிலேயே பயிற்சி கொடுக்க வைத்தும், ஆறு மாதத்தின் பின் இறப்பிலோ பிறர் தயவில் வாழும் நிலையிலோ வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கிளினிக்கையும் இயன்மருத்துவரையும் விட்டுவிடாதீர்கள். பிரசர், சீனி வருத்த மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பாரத்தை ஒருவரிடமே விடாதீர்கள். மகன்மாரும் பழக வேண்டும். இதற்காகப் பெண்பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மறித்தல் கூடவே கூடாது. பக்கத்து வீட்டார் ஒரு மணித்தியாலம் வந்திருந்தாலே பராமரிப்பவர் கண்ணயர்வார். குறுகிய படிகளில் நோயாளியைக் கதிரையோடு இறக்கவும் அயலவர் கைதான் வேண்டும்.

ஒருமுறை வந்தவருக்குத் திரும்பவும் வரலாம். வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, நாக்குக் குழறினாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைச் சொல்லுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலமே அவகாசம்.

உங்கள் வீட்டார் யாரும் இப்போது பாரிசவாதத்தோடு வாட்டில் இருந்தால், துண்டு வெட்டுமுன் எங்களிடம் சொல்லுங்கள். எங்களில் ஒருவர் உங்களோடு கூட வருவார்.

இப்படிக்கு,
ஜிந்துப்பிட்டியில் பாரிசவாதம் வந்தவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினர்