தறிச் சத்தம் விழாமல் குரலைப் பதிவு செய்ய எந்த மைக் வாங்கலாம்?

''எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் நெல்லும், இரண்டு மாடுகளும் உண்டு. என் மாமியாருக்கு 78 வயது. மாட்டு வைத்தியம், விதை பத்திரப்படுத்துவது எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதை செல்போனில் பதிவு செய்தால், அவர் பேச்சைவிட தறிச் சத்தம்தான் அதிகம் கேட்கிறது. 8,000 ரூபாய்க்கு யு.எஸ்.பி மைக் வாங்கச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா?''

- வாசகி, காஞ்சிபுரம்.

வேண்டியதில்லை. 8,000 ரூபாய் மைக்கையும் மூன்று அடி தள்ளி வைத்தால், அதிலும் தறிச் சத்தம்தான் விழும். எது பேச்சு, எது இரைச்சல் என்று மைக்குக்குப் பிரிக்கத் தெரியாது. அருகில் இருப்பது பலமாக விழும், அவ்வளவுதான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால், குரலின் வலு சுமார் 6 டெசிபல் கூடும். 2 அடியிலிருந்து அரை அடிக்குக் கொண்டுவந்தால் சுமார் 12 டெசிபல். தறி இருந்த இடத்திலேயே இருப்பதால், அதன் சத்தம் கூடாது.

எனவே, பணம் கொடுப்பதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். தறியிலிருந்து தள்ளியிருக்கும் அறையில் மாமியாரை உட்கார வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, போனை அவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். வெறும் சிமென்ட் சுவரும் தரையும் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். பாய், தலையணை, கொடியில் தொங்கும் துணிகள் இருந்தால் எதிரொலி அடங்கும். விடியற்காலையில் பதிவு செய்ய நினைத்தால், காஞ்சிபுரத்தில் கோயில் ஒலிபெருக்கி குறுக்கே வரலாம். சாப்பாட்டுக்காகத் தறியை நிறுத்தும் நேரம் தோதானது. இதிலேயே பேச்சு தெளிவாகக் கேட்டால், மைக் வாங்கவே தேவையில்லை.

அப்படியும் போதவில்லை என்றால், 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும் மைக்குகளே வீட்டுப் பதிவுக்குப் போதும். யு.எஸ்.பி மைக், குரலை டிஜிட்டலாக மாற்றும் வேலையைத் தனக்குள்ளேயே செய்துவிடும். அதனால் தனியாக வேறு கருவி வாங்க வேண்டியதில்லை. கடையில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மைக் எந்தத் திசையில் கேட்கிறது என்பது. அட்டைப்பெட்டியில் 'கார்டியாய்டு' என்றோ, இதய வடிவப் படமோ இருந்தால், அது முன்பக்கக் குரலை அதிகமாகவும், பின்பக்கச் சத்தத்தைக் குறைவாகவும் வாங்கும். பதிவு செய்யும்போது மைக்கின் பின்பக்கம் தறி இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, வகை. விலை குறைந்த யு.எஸ்.பி மைக்குகளில் பெரும்பாலானவை 'கண்டென்ஸர்' வகை. சின்னச் சத்தத்தையும் இழுக்கும். 'டைனமிக்' வகை அவ்வளவு நுட்பமானதல்ல. அரை அடிக்குள் வைத்துப் பேசினால்தான் குரல் நன்றாக விழும். தறி வீட்டுக்கு அதுவே நல்லது.

மூன்றாவது, போனில் வேலை செய்யுமா என்பது. டைப்-சி முனை வேண்டும், அல்லது ஓ.டி.ஜி இணைப்பான் வேண்டும். சில போன்களில் செட்டிங்ஸில் ஓ.டி.ஜி-யை இயக்கினால்தான் மைக் வேலை செய்யும். அதனால், சொந்த போனைக் கடைக்கே எடுத்துச்சென்று, ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து, கேட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. '192 கிலோஹெர்ட்ஸ்' என்று பெருமையாகப் போட்டிருப்பதற்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். பேச்சுக்கு 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸே போதும்.

வயதானவர்கள் மைக் முன்னால் அசையாமல் உட்கார மாட்டார்கள். கையை ஆட்டி, தலையைத் திருப்பித்தான் பேசுவார்கள். அப்படிப்பட்டவருக்கு, புடவைத் தலைப்பில் குத்திக்கொள்ளும் காலர் மைக் இன்னும் வசதி, விலையும் குறைவு. இது பெரும்பாலும் எல்லாத் திசையிலும் கேட்கும் வகை என்பதால், தறி நிற்கும் நேரத்தில் பயன்படுத்த வேண்டும். 'ப' வரும் இடங்களில் 'புஸ்' என்று காற்று அடிக்காமல் இருக்க, மைக்குக்குப் பஞ்சு உறை போட வேண்டும்.

பதிவைத் தொடங்கியதும் ஐந்து விநாடி யாரும் பேசாமல் இருக்க வேண்டும். பிறகு கணினியில் 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில், அந்த ஐந்து விநாடியை மாதிரியாகக் காட்டினால், ஃபேன் போன்ற சீரான இரைச்சலைக் குறைத்துவிடலாம். விட்டுவிட்டு வரும் தறி அடி அதில் போகாது.

குரல் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், சுண்ணாம்பு என்று மாமியார் சொன்னால், எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். 'ஒரு கை' என்றால், அந்தக் கையளவை அப்போதே தராசில் வைத்து கிராமைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதும் வேண்டும். அளவில்லாத மருந்துக் குறிப்பைப் பேரப்பிள்ளைகள் மாட்டுக்குப் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, பேசுபவர் பெயர், தலைப்பு ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, போனில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என இரண்டு பிரதி வைக்க வேண்டும்.

78 வயதுக்காரரின் நினைவு, மைக் வாங்கும் வரை அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் பதிவை நாளை மதியமே, கையில் இருக்கும் போனிலேயே தொடங்கிவிடலாம்.