பாட்டி ஏன் விழுந்தார்?



எடிசனில் எங்கள் வீட்டில் பாட்டி ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டார். எங்களுக்குத் தெரிந்தது மூன்று வாரம் கழித்துத்தான். ஏன் சொல்லல என்று கேட்டால், "சொன்னா வாக்கிங் விட மாட்டீங்களே" என்றார்.

"பார்த்து நடக்கக் கூடாதா?" என்றார் அம்மா. ஆனால் இது கவனக்குறைவு இல்லை. நாள்பட்ட சுகரால் பாதம் மரத்துப்போகிறது, தரை சரியாகத் தெரிவதில்லை. பிரஷர் மாத்திரை போட்டவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். சுகருக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு இன்னொருவர். "கடைசியா எப்ப விழுந்தீங்க?" என்று இருவரும் கேட்டதில்லை. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வருடாவருடம் விழுகிறார்கள். அவர்களில் பாதிப் பேர்கூட டாக்டரிடம் சொல்வதில்லை.

இதற்கு வழி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் குழு உருவாக்கிய சுயமேலாண்மை வகுப்பு வாரம் இரண்டரை மணி நேரம், மொத்தம் 6 வாரம். நடத்துவது டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். பலர் தாங்களே நோயோடு வாழ்கிறவர்கள். 'எ மேட்டர் ஆஃப் பேலன்ஸ்' என்ற வகுப்பு விழும் பயத்தைக் கையாள்கிறது. பயந்து நடையைக் குறைத்தால் தசை தளரும், தளர்ந்தால் மறுபடி விழுவோம். நியூ ஜெர்சியில் இரண்டும் உண்டு, ஆனால் தனித்தனியாக. பாட்டிக்கு இரண்டும் ஒரே உடம்பில்தானே இருக்கு?

'சுயமேலாண்மை' என்றாலே நமக்குச் சந்தேகம் வரும். நியாயம்தான். "நீயே பார்த்துக்கோ" என்று அரசு கைகழுவ வசதியான சொல் அது. புதிதாக கிரீன் கார்டில் வரும் பெற்றோர் 5 வருடம் முடியும்வரை காசு கொடுத்தும் மெடிகேரில் சேர முடியாது. முதியோர் திட்டங்களுக்கு நிதி தரும் கூட்டாட்சி அமைப்பைக் கலைப்பதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். வகுப்பு எதுவும் இவற்றுக்கு ஈடாகாது. ஆனால் வாரம் ஒருமுறை பெரியவர்கள் கூடி, மறைத்ததை வாய்விட்டுச் சொன்னால், அது வெறும் வகுப்பு இல்லை. அங்கிருந்துதான் கோரிக்கை பிறக்கும்.

1965-இன் முதியோர் சட்டத்தில் வரும் சேவைகளுக்கு 60 வயது போதும், வருமான வரம்பு கிடையாது. நியூ ஜெர்சியின் 21 கவுண்டியிலும் முதியோர் அலுவலகம் இருக்கிறது. போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: இரண்டு வகுப்பையும் சேர்த்து ஒரே குழுவுக்கு நடத்துவீர்களா? தமிழில் எப்போது? ஆள் இல்லை என்பார்கள். ஒரு சுயமேலாண்மை வகுப்புக்கு இரண்டு பேர் போதும். நான் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன். இன்னொருவர் யார்?