ஐஸ் கட்டி உள்ளே வேண்டாம்... வெளியே இருக்கட்டும்!

வெயிலில் ஆட்டம் போட்டு விட்டு வீட்டுக்குள் நுழைந்ததும், நீங்கள் செய்யும் முதல் வேலை என்ன? பிரிட்ஜைத் திறப்பது தானே! உள்ளே குளிர்ந்த ஜூஸ் இல்லாவிட்டால், உங்களிடம் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, பாட்டிலை ப்ரீசரில் வைத்து விட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் திறந்து திறந்து பார்ப்பது. இன்னொன்று, கடையில் ஐஸ் கட்டி வாங்கி வந்து, டம்ளருக்குள் போடுவது.

இந்த இரண்டுமே சரியில்லை என்பது தான் என் கருத்து. ஐஸ் கட்டி, பானத்துக்கு உள்ளே இருக்க வேண்டியதில்லை. பாத்திரத்துக்கு வெளியே இருந்தாலே போதும். பானமும் சீக்கிரம் குளிரும். வயிறும் பத்திரமாக இருக்கும். எப்படி என்கிறீர்களா?

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்து கொள்ளுங்கள். குளிர் என்ற பொருள் எங்கிருந்தோ வந்து ஜூசுக்குள் நுழைவதில்லை. ஜூசில் இருக்கும் வெப்பம் வெளியேறுகிறது, அவ்வளவு தான். வெப்பத்துக்கு நல்ல பாதை கிடைத்தால், மளமளவென்று வெளியேறும். பாதையை அடைத்து விட்டால், நகராமல் கிடக்கும்.

இதற்குச் சென்னையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்து போகும் ஏரிகளில் இருந்து பனிக்கட்டியை அறுத்து எடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி விற்றார், பிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி. கோல்கட்டாவுக்கு அவர் அனுப்பிய முதல் ஐஸ் கப்பல், நான்கு மாதம் பயணம் செய்து, 1833ல் அங்கு வந்து சேர்ந்தது. ஏற்றிய ஐஸில் பாதிக்கும் மேல் கரையாமல் இருந்தது! சென்னைக்கு வந்த ஐஸைச் சேமித்து வைக்க, மெரினா கடற்கரைக்கு எதிரே, 1842ல் கட்டிய கட்டடம் தான், 'ஐஸ் ஹவுஸ்!' இன்று அது விவேகானந்தர் இல்லம்.

கொளுத்தும் வெயிலில், கடலில் வந்த ஐஸ் எப்படித் தப்பியது? மரத்தூளின் இடுக்குகளில் காற்று சிக்கிக் கொண்டிருக்கும். காற்று, வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால், வெளி வெப்பம் ஐஸை நெருங்க முடியவில்லை.

இப்போது ப்ரீசருக்கு வருவோம். உள்ளே மைனஸ் 18 டிகிரி இருக்கலாம். ஆனால், பாட்டிலைச் சுற்றி இருப்பது என்ன? அதே காற்று! ஐஸைக் காப்பாற்றிய காற்று, இங்கே ஜூசின் வெப்பத்தை வெளியே விடாமல் தாமதம் செய்கிறது. தண்ணீரோ, காற்றை விட 20 மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். 25 டிகிரி காற்றில் நின்றால் சுகமாக இருக்கிறது. அதே 25 டிகிரி தண்ணீரைத் தலையில் ஊற்றினால், 'ஐயோ' என்று துள்ளுகிறோம் அல்லவா? காரணம் இது தான்.

எனவே, இப்படிச் செய்யுங்கள். நன்னாரி சர்பத்தோ, மோரோ, பானகமோ... மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை விட, எவர்சில்வர் வழியாக வெப்பம் வேகமாகப் போகும். ஒரு பெரிய பாத்திரத்தில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, அவை மிதக்கும் அளவு தண்ணீர் ஊற்றி, தூக்கை அதில் இறக்குங்கள். மூடிக்குள் தண்ணீர் போய் விடாமல், தூக்கை அப்படியும் இப்படியுமாகத் திருப்பிக் கொண்டே இருங்கள். உள்ளே பானம் கலங்கக் கலங்க, சூடான பகுதி ஓரத்துக்கு வந்து வெப்பத்தை விட்டு விட்டுப் போகும்.

இன்னும் வேகம் வேண்டுமா? இரண்டு கைப்பிடி உப்பை, கரண்டியால் ஐஸ் தண்ணீரில் கலந்து விடுங்கள். ஒரு கிராம் ஐஸ் உருக, 80 கலோரி வெப்பம் வேண்டும். உப்பு சேர்ந்தால், ஐஸ் 0 டிகிரிக்குக் கீழேயே உருகத் தொடங்கும். உருகுவதற்கான வெப்பத்தைச் சுற்றி இருப்பவற்றிடம் இருந்து உறிஞ்சிக் கொள்ளும். சரியான அளவில் உப்பும் ஐசும் கலந்தால், மைனஸ் 21 டிகிரி வரை கூட இறங்கும்! குல்பி விற்பவர் பானைக்குள் ஐசோடு உப்பையும் போட்டு வைப்பது இதற்காகத் தான். அவரும் விஞ்ஞானி தான், குட்டீஸ்!

ஆனால், எச்சரிக்கை... உப்பு கலந்த ஐஸைக் கையால் அள்ளாதீர்கள். தோல் உறைந்து புண்ணாகி விடும். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும் போது மட்டும் செய்யுங்கள். மிச்ச உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், வாடி விடும். கண்ணாடி பாட்டிலை ப்ரீசரில் வைத்து மறந்தும் போகாதீர்கள். தண்ணீர் உறையும் போது சுமார் 9 சதவீதம் விரியும். பாட்டில் வெடித்துச் சிதறி விடும்.

'ஐஸை உள்ளே போட்டால், இதை விடச் சீக்கிரம் குளிருமே...' என்று கேட்பீர்கள். உண்மை தான், மறுக்கவில்லை. ஆனால், ஐஸ் கரையக் கரைய சர்பத் சப்பென்று ஆகி விடும். அதை விட முக்கியம், அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது? மீன் கெடாமல் இருக்க விற்கும் ஐஸ், குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. உறைந்து விட்டால் கிருமிகள் எல்லாம் செத்து விடும் என்று நினைப்பதும் தவறு. பல கிருமிகள் ஐசுக்குள் உறங்கிக் கிடந்து, கரைந்ததும் விழித்துக் கொள்ளும். வாந்தி, பேதி, காய்ச்சல் எல்லாம் ஒரு டம்ளர் ஜூசில் வரலாம். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் வீட்டிலேயே செய்த ஐஸ் என்றால், தாராளமாக உள்ளே போடுங்கள். கடை ஐஸ் என்றால், அதன் இடம் வெளியே தான். தூக்கின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து விட்டுத் திறங்கள்.

பிரிட்ஜ் இல்லாத வீடா, கரன்ட் போய் விட்டதா? கவலை வேண்டாம். பாத்திரத்தின் மேல் ஈரத் துணியைச் சுற்றி, காற்று வீசும் நிழலில் வையுங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக, சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக் கொள்ளும். ஐஸ் உருகுவதற்குத் தேவைப்படுவதைப் போல ஏழு மடங்கு! மண்பானையின் ரகசியமும் இது தான். ஐஸ் போல் ஜில்லென்று ஆகாது. ஆனால், தாகம் தீரும். வறண்ட காற்றுள்ள ஊர்களில் நன்றாக வேலை செய்யும்; புழுக்கமான கடலோர ஊர்களில் கொஞ்சம் மந்தம் தான்.

நான் சொன்னேன் என்பதற்காக நம்பி விடாதீர்கள். ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள், ஒரே அளவு தண்ணீர். ஒன்றை ப்ரீசரில் வையுங்கள். இன்னொன்றை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். 10 நிமிடம் கழித்து, இரண்டையும் குடித்துப் பாருங்கள். எது ஜெயித்தது என்று உங்கள் நாக்கே சொல்லி விடும்!